பூனைன்னா வாந்தி எடுக்கும்தானே?

பூனை வளர்க்கும் வீட்டில் விடியற்காலையில் விளக்கைப் போடாமல் யாரும் நடப்பதில்லை. சோபா ஓரத்தில் ஈரமான முடிக்கற்றை கிடக்கும். சமையலறை வாசலில் மெல்லாமல் விழுங்கிய தீனி அப்படியே கிடக்கும். சில நாள் மஞ்சளாக நுரைத்த வெறும் பித்தம். பழைய துணியால் துடைத்துப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். கேட்டால், "பூனைன்னா வாந்தி எடுக்கும்தானே?" என்று பதில் வரும். வீட்டில் ஒரு மனிதர் வாரம் தவறாமல் வாந்தி எடுத்தால் இரண்டாவது வாரமே ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போயிருப்போம். பூனைக்கு மட்டும் அதை ஒரு குணமாக ஒப்புக்கொண்டுவிட்டோம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரில் பூனைகளுக்கு மட்டுமே மருத்துவம் பார்த்த கேரி நார்ஸ்வொர்தி இதை ஒப்புக்கொள்ளவில்லை. அடிக்கடி வாந்தி, கழிச்சல், எடைக் குறைவு என்று 2008 முதல் 2012 வரை வந்த பூனைகளில், அல்ட்ராசவுண்டில் சிறுகுடல் சுவர் தடித்துத் தெரிந்த 100 பூனைகளை அவரும் உடனுழைத்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். வயிற்றைத் திறந்து, குடலின் பல இடங்களில் சுவரின் முழுத் தடிமனுக்கும் திசு வெட்டி எடுத்து ஆராய்ந்தார்கள். முடிவு 2013ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. 100ல் 99 பூனைகளின் குடலில் நோய் இருந்தது. 49க்கு நாட்பட்ட குடல் அழற்சி. 46க்கு லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று.

இந்த எண்களைப் பதறாமல் படிக்க வேண்டும். வாந்தி எடுக்கும் பூனைகளில் பாதிக்குப் புற்று என்று இதற்குப் பொருள் இல்லை. அறிகுறியும் இருந்து, ஸ்கேனிலும் சுவர் தடித்துத் தெரிந்த பூனைகள்தாம் அந்த 100ம். சல்லடையில் ஏற்கெனவே ஒருமுறை சலித்தாயிற்று. ஆனாலும் அந்தக் கட்டுரை ஒரு காரியம் செய்தது. 'முடி உருண்டை', 'அவசரமாகத் தின்றது', 'வயிறு கொஞ்சம் மென்மை' என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட சமாதானங்களுக்கு அடியில், நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியக்கூடிய நோய் இருந்தது என்று காட்டியது. முடி உருண்டையேகூடப் பல நேரம் நோயின் விளைவுதான். நக்கி விழுங்கிய முடி, ஒழுங்காக அசையும் குடல் வழியே மலத்தோடு போய்விடும். அசைவு கெட்ட குடலில்தான் அது தேங்குகிறது.

வயதான பூனையின் விஷயத்தில் இன்னொரு சமாதானமும் சேர்ந்துகொள்கிறது. கால்நடை மருத்துவமனைகளில் இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கும்.

"டாக்டர், நல்லாத்தான் சாப்பிடறா. ஆனா தூக்கினா முதுகெலும்பு கையில தட்டுப்படுது."

"எத்தனை நாளா இப்படிங்க?"

"வயசாயிடுச்சுல்ல, அதனாலன்னு நெனச்சுட்டோம் சார்."

பூனையின் வயதுக் கணக்கு இது: முதல் ஆண்டு மனிதரின் 15 வயதுக்குச் சமம், இரண்டாம் ஆண்டு முடிவில் 24, அதற்குப் பின் ஆண்டுக்கு நாலு நாலாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 10 வயதுப் பூனை 56 வயதுக்காரர். 15 வயதுப் பூனைக்கு 76. இந்த வயதில் செரிமானம் தளர்வது உண்மைதான். 12 வயதைத் தாண்டிய பூனைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குக் கொழுப்பைச் செரிக்கும் திறன் குறைந்திருந்ததை ஓர் ஆய்வு கண்டது. ஆனால் 'குறைந்தது' என்பது ஓர் அளவீடு, அது காரணமாகாது. ஏன் குறைந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 5 கிலோ பூனை அரைக் கிலோ இழப்பது 70 கிலோ மனிதர் 7 கிலோ இழப்பதற்குச் சமம். முதுமை யாருக்கும் ஆறு மாதத்தில் 7 கிலோவைப் பறிப்பதில்லை.

குடலைச் சந்தேகிக்குமுன் குடலுக்கு வெளியே தேட வேண்டும். வயதான பூனையில் முதலில் தட்ட வேண்டிய கதவு கழுத்தில் இருக்கிறது. 1979ல் நியூயார்க்கின் அனிமல் மெடிக்கல் சென்டரில் மார்க் பீட்டர்சன் ஒரு நோயை விவரித்தார்: அகோரப் பசி, ஆனாலும் மெலிவு, படபடப்பு, வாந்தி, கழிச்சல், இரவெல்லாம் கத்தல். தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பதுதான் காரணம். அதற்கு முன் பூனைகளில் அறியப்படாத இந்த நோய், இன்று மேலைநாடுகளில் 10 வயதைத் தாண்டிய பூனைகளில் சுமார் பத்தில் ஒன்றுக்கு வருகிறது. ஏன் திடீரென்று முளைத்தது என்பதற்கு டின்னில் அடைத்த தீனியையும், சோபா மெத்தைகளில் சேர்க்கப்பட்ட தீத்தடுப்பு ரசாயனங்களையும் ஆய்வாளர்கள் இன்னமும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். நமக்கு இங்கே வேண்டியது வேறு. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில், டி4 என்னும் தைராய்டு ஹார்மோனின் அளவில், பெரும்பாலும் பிடிபடும் நோய் இது. தினசரி மாத்திரையால் கட்டுப்படும். 'நல்லாத்தான் சாப்பிடறா, ஆனா மெலியறா' என்று யாராவது சொன்னால் டி4 பார்க்காமல் குடல் மருந்து எழுதக் கூடாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. அதிகத் தைராய்டு சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டிவிடுவதால், பழுதான சிறுநீரகமும் நன்றாக வேலை செய்வதுபோல் ரத்த அறிக்கையில் தெரியும். தைராய்டை அடக்கிய பிறகுதான் சிறுநீரகத்தின் உண்மை நிலை வெளியே வரும். அதனால் மருந்து தொடங்கிய சில வாரங்களில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னால், பணம் பிடுங்குகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

நாட்பட்ட சிறுநீரக நோயும் குமட்டலையும் வாந்தியையும் தரும். சர்க்கரை நோய், ஈரல் கோளாறு, குடற்புழு, பல்வலி என்று மற்றவையும் உண்டு. ரத்தம், சிறுநீர், மலம் மூன்றும் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை விலகிவிடும்.

கணையத்தை அப்படிச் சுலபமாக விலக்க முடியாது. நாயின் உடலில் கணைய நாளமும் பித்த நாளமும் தனித்தனியே குடலில் திறக்கின்றன. பெரும்பாலான பூனைகளில் இரண்டும் சேர்ந்து ஒரே வாயில் வழியே திறக்கின்றன. குடலிலிருந்து கிருமியோ அழற்சியோ அந்த வாயிலில் ஏறினால் கணையம், ஈரலின் பித்தக் குழாய்கள் இரண்டும் ஒன்றாகக் கெடும். குடல், கணையம், ஈரல் மூன்றும் ஒரே நேரத்தில் அழன்றிருக்கும் இந்த நிலைக்கு மருத்துவர்கள் 'ட்ரையடைட்டிஸ்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஓர் உறுப்பின் நோயைத் தேடிப் போய் மூன்றின் நோயோடு திரும்புவது பூனை மருத்துவத்தில் சாதாரணம்.

இதே கணையம் இன்னொரு கதையிலும் வருகிறது. வைட்டமின் பி12ஐக் குடல் உறிஞ்ச வேண்டுமென்றால் 'உள்ளார்ந்த காரணி' என்ற ஒரு புரதம் அதைக் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டும். மனிதரில் அதை இரைப்பை சுரக்கிறது. பூனையில் அதைச் சுரப்பது கணையம் மட்டுமே. உறிஞ்சும் இடமோ சிறுகுடலின் கடைசிப் பகுதி. ஆகவே பூனையின் ரத்தத்தில் பி12 குறைந்திருந்தால் கணையமோ சிறுகுடலின் வால்பகுதியோ கெட்டிருக்கிறது என்று பொருள். மனிதர் ஈரலில் பி12ஐ ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்க முடியும். பூனையின் இருப்போ சில வாரங்களில் தீர்ந்துவிடும். குடல்நோய் இருந்தால் இன்னும் வேகமாக. இருப்புத் தீர்ந்ததும் பசி அற்றுப்போகும், எடை இறங்கும், கொடுக்கும் மற்ற மருந்துகளும் சரியாக வேலை செய்யாது. பி12 ஊசி மலிவு. அளவு கூடினாலும் சிறுநீரில் போய்விடும். வழக்கமான முறை வாரம் ஒன்றாக ஆறு வாரம் தோலுக்கடியில் போடுவது. ஊசிக்குப் பயப்படும் வீட்டுக்கு, வாய்வழி மாத்திரையும் பலன் தருவதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இத்தனை எளிய மருந்தைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

இவை எல்லாம் பார்த்தாயிற்று. தைராய்டு சரி, சிறுநீரகம் சரி, புழு இல்லை. பூனையோ மெலிந்துகொண்டே இருக்கிறது. 'காரணம் தெரியவில்லை' என்று டாக்டர் சொல்வது இந்த இடத்தில்தான். உண்மையில் அவர் கையில் காரணங்களின் பட்டியல் இப்போது மிகவும் சுருங்கியிருக்கிறது. மீதி இருப்பவை பெரும்பாலும் மூன்று: உணவு ஒவ்வாமை, குடல் அழற்சி, சிற்றணு லிம்போமா.

பின்னிரண்டும் ஏன் இப்படிக் குழப்புகின்றன? குடலின் உட்சுவரில் லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் எப்போதும் குடியிருக்கும். தினமும் வெளியுலகத்தை விழுங்கும் குழாய் அது. காவல் இல்லாமல் முடியாது. அழற்சியில் இந்த அணுக்கள் பெருகிச் சுவரில் அடைந்துகொள்கின்றன. சிற்றணு லிம்போமாவிலும் அதே அணுக்கள் அதே சுவரில் அடைந்துகொள்கின்றன. புற்றணு என்றால் கோரமாக, பெரிதாக, தாறுமாறாக இருக்கும் என்று நினைப்போம். இந்த வகையில் அவை பார்ப்பதற்குச் சாதாரண லிம்போசைட் போலவே, சிறியதாக, சாதுவாக இருக்கும். ஸ்கேனில் இரண்டிலும் குடலின் தசையடுக்கு தடித்துத் தெரியும். அறிகுறிகளும் ஒன்றே. நுண்ணோக்கியில் பார்க்கும் இரண்டு நிபுணர்கள் ஒரே கண்ணாடித் துண்டைப் பார்த்து இரண்டு முடிவு சொல்வதும் உண்டு.

மரபணுச் சோதனை ஒன்று உதவிக்கு வரும். லிம்போசைட் ஒவ்வொன்றும் தன் ஏற்பியின் மரபணுவைத் தனக்கே உரிய விதத்தில் வெட்டி ஒட்டி வைத்திருக்கும். அதன் வாரிசுகள் எல்லாம் அதே வெட்டோடு பிறக்கும். ஆகவே கேள்வி இதுதான்: சுவரில் கூடியிருப்பது பல ஊர்க்காரர்கள் வந்த திருவிழாக் கூட்டமா, ஒரே கொள்ளுத்தாத்தாவின் பேரப்பிள்ளைகள் மட்டும் கூடிய கூட்டமா? திருவிழாக் கூட்டம் என்றால் அழற்சி, ஒரே குடும்பம் என்றால் புற்று. படிக்கத் தெளிவாக இருக்கிறது. நடைமுறையில் அழற்சி மட்டுமே உள்ள பூனையிலும் சில சமயம் 'ஒரே குடும்பம்' என்று அறிக்கை வந்துவிடுகிறது. 2023ல் அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரியின் நிபுணர் குழு இந்த இரண்டையும் பிரிப்பது எப்படி என்று ஒரு கூட்டறிக்கை வெளியிட்டது. அதன் சாரம்: எந்த ஒரு சோதனையும் தனியாகப் போதாது, அறிகுறி, ஸ்கேன், திசு, மரபணு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நாட்பட்ட அழற்சியே காலப்போக்கில் லிம்போமாவாக மாறுகிறது என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். அப்படியானால் நாம் கோடு போடத் தேடும் இடத்தில் இயற்கை கோடே போடவில்லை என்றாகும்.

திசு எடுப்பதிலும் தகராறு. எண்டோஸ்கோப்பை வாய் வழியே விட்டால் வெட்டுக்காயம் இல்லை. ஆனால் அது இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் மட்டுமே எட்டும், மேற்பரப்பை மட்டுமே கிள்ளும். லிம்போமா விரும்பித் தங்கும் நடுக்குடலுக்கு அது போகாது. வயிற்றைத் திறந்து எடுத்தால் முழுத் தடிமன் கிடைக்கும். அதற்கு 76 வயதுக்குச் சமமான ஓர் உடல் மயக்கமருந்தையும் தையலையும் தாங்க வேண்டும். சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரியான இடம் அருகில் இருப்பவர்களுக்கு இதைப் பற்றி யோசிக்கவாவது வழி உண்டு. சிற்றூரில் இருப்பவருக்கு அல்ட்ராசவுண்டே ஒரு நாள் பயணம்.

ஆகவே இந்த நோயில் மருத்துவம் தலைகீழாக நடக்கிறது. நோயைக் கண்டுபிடித்து மருந்து கொடுப்பது வழக்கம். இங்கே மருந்தைக் கொடுத்து, எதற்குக் கேட்கிறது என்று பார்த்து, அதன்படி நோய்க்குப் பெயர் வைக்கிறார்கள். உணவை மாற்றியதும் தொல்லை நின்றால் 'உணவுக்குக் கட்டுப்படும் குடல்நோய்'. ஸ்டீராய்டுக்கு அடங்கினால் 'ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் குடல்நோய்'. குருட்டாம்போக்கு என்று இதைச் சொல்ல மாட்டேன். வரிசை தவறாமல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவை எழுதிவைத்தால் இது சுத்தமான பரிசோதனை. உணவையும் மருந்தையும் டானிக்கையும் ஒரே வாரத்தில் மாற்றினால் பூனை தேறினாலும் எதனால் தேறியது என்று யாருக்கும் தெரியாது.

முதல் படி உணவு. நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்ஃபோர்டு குழுவினர் 2001ல் வெளியிட்ட ஆய்வில், காரணம் தெரியாத நாட்பட்ட செரிமானத் தொல்லை உள்ள 55 பூனைகளில் 16க்கு உணவே காரணம் என்று தெரிந்தது. வேறு 11 பூனைகள் புதிய உணவில் குணமாகி, பழைய உணவுக்குத் திரும்பிய பிறகும் நலமாகவே இருந்தன. ஆக, ஏறத்தாழப் பாதிப் பூனைகள் மருந்தே இல்லாமல் தேறின. தேறியவை சில நாட்களிலேயே தேறின. இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் விடை தெரிந்துவிடும். ஸ்டீராய்டுக்கு முன்னால் இந்த இரண்டு வாரத்தைக் கொடுக்காத மருத்துவம் அவசர மருத்துவம்.

சோதனை உணவு என்றால் பூனை இதுவரை தின்னாத ஒரே புரதம், அல்லது ஒவ்வாமையைக் கிளப்ப முடியாத அளவுக்குப் புரதத்தைப் பொடியாக உடைத்துத் தயாரித்த மருத்துவத் தீனி. அதைத் தவிர வேறு எதுவும் வாயில் படக் கூடாது. நம் வீடுகளில் இது லேசான காரியம் இல்லை. வீட்டுக்காரர் மாதக்கணக்கில் பணம் சேர்த்து வாங்கிய தீனியைப் பூனை தின்றுகொண்டிருக்கும். பாட்டி, "பாவம், வாய்க்கு ருசியா ஒண்ணும் இல்ல அதுக்கு" என்று ஒரு துண்டு நெத்திலிக் கருவாட்டைத் திண்ணையில் போட்டுவிடுவார். சுவர் ஏறிக் குதித்தால் அடுத்த வீட்டில் அதற்கு வேறு பெயர், வேறு கிண்ணம். மூன்று வீட்டில் சாப்பிடும் பூனைக்கு உணவுச் சோதனை நடத்த மூன்று வீட்டின் ஒத்துழைப்பு வேண்டும். முடியாவிட்டால் அந்த வாரங்களுக்கு வீட்டுக்குள் அடைத்தே வைக்க வேண்டும்.

கருவாட்டைவிடப் பெரிய தவறு பத்தியம். நமக்கு வயிறு கெட்டால் கஞ்சி, இட்லி, தயிர்சாதம். அதே அன்பில் பூனைக்கும் தயிர்சாதம் பிசைந்து வைக்கிறோம். பூனையின் ஈரல், புரதத்தை எரிக்கும் நொதிகளை எப்போதும் முழு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறது; உணவில் புரதம் குறைந்தாலும் அந்த வேகத்தைக் குறைக்க அதற்குத் தெரியாது. வெளியிலிருந்து புரதம் வராவிட்டால் தன் தசையையே எடுத்து எரிக்கும். முதுகெலும்பு கையில் தட்டுப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதியும் போதாது. கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்ற மனித வைத்தியமும் இங்கே செல்லுபடியாகவில்லை. நாட்பட்ட கழிச்சல் உள்ள பூனைகளுக்குக் கொழுப்பு கூடின தீனியும் குறைந்த தீனியும் கொடுத்து ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரியவில்லை.

வேகவைத்த கோழி மட்டும் போதுமா என்றால், சோதனைக்கான சில வாரங்களுக்குப் போதும், ஆயுளுக்குப் போதாது. டாரின் என்ற அமினோ அமிலத்தைப் பூனையால் தேவையான அளவு தானே தயாரித்துக்கொள்ள முடியாது. அது குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975லேயே தெரிந்தது. 1987ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியான் குழுவினர், கடையில் விற்ற தீனியைத் தின்ற பூனைகளின் இதயம் வீங்கித் தளர்ந்ததற்கும் டாரின் குறைவே காரணம் என்று காட்டினார்கள். உலகெங்கும் தீனி நிறுவனங்கள் டாரினைக் கூட்டின. அந்த இதய நோய் அரிதாகிவிட்டது. கோழியை வேகவைத்தால் டாரின் தண்ணீரோடு இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்துக் கொடுப்பது நல்லது. அப்போதும் சுண்ணாம்புச் சத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

உணவுக்குக் கட்டுப்படாவிட்டால் அடுத்தது ஸ்டீராய்டு. இங்கே ஒரு முன்னெச்சரிக்கை. திசு எடுக்கும் எண்ணம் இருந்தால் ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஸ்டீராய்டு லிம்போசைட்டுகளைக் கரைத்துவிடும். பிறகு எடுத்த திசுவில் அழற்சியோ புற்றோ பாதி அழிந்த கையெழுத்துப் போலத்தான் தெரியும். பிரெட்னிசோன் என்ற மருந்தைப் பூனையின் உடல் சரியாக மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளாது. அதனால் பிரெட்னிசோலோன்தான் கொடுப்பார்கள். சில பூனைகளுக்கு ஸ்டீராய்டு சர்க்கரை நோயைக் கொண்டுவரும் என்பதால் அளவைப் படிப்படியாகக் குறைத்து, பூனைக்குப் போதுமான மிகக் குறைந்த அளவில் நிறுத்துவார்கள்.

சிற்றணு லிம்போமா என்று தெரிந்தாலோ, ஸ்டீராய்டு மட்டும் போதாமல் போனாலோ குளோராம்புசில் சேரும். இரண்டாம் உலகப்போர்க் கால மஸ்டர்ட் வாயு ஆராய்ச்சியிலிருந்து கிளைத்த மருந்துக் குடும்பம் அது. புற்று என்றதும் மனம் ஒடிந்துபோகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: இந்த மாத்திரை இரண்டுக்கும் பெரும்பாலான பூனைகள் நன்றாகக் கேட்கின்றன. முடி கொட்டுவதில்லை, மருத்துவமனையில் கிடக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே மாத்திரை. பல பூனைகள் இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ நல்லபடி வாழ்கின்றன. 13 வயதுப் பூனைக்கு அது சின்னக் காலம் இல்லை. மாத்திரையை உடைக்கக் கூடாது, கையுறை இல்லாமல் தொடக் கூடாது, வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அதன் பக்கமே போகக் கூடாது. இடையிடையே ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கழிச்சல் என்றதும் மருந்துக்கடையில் மெட்ரோனிடசோல் வாங்கி வருவது நம் ஊர்ப் பழக்கம். அதன் கசப்பில் பூனை வாயெல்லாம் நுரை தள்ளும். அதைவிட, குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களையும் அது கலைத்துவிடுவதால் இப்போது முதல் தேர்வாக அதை வைப்பதில்லை. பாரசிட்டமால் பற்றிப் பேச்சே வேண்டாம். அதை முறித்து வெளியேற்றும் நொதி பூனைக்கு இல்லை. அரை மாத்திரையே உயிரைக் குடிக்கலாம்.

மருந்தை விடுங்கள், சாப்பிடவைப்பதுதான் தினசரிப் போராட்டம். கிண்ணம்வரை வந்து, முகர்ந்து, உதட்டை நக்கிவிட்டுத் திரும்பிப் போகும் பூனைக்குப் பசி இருக்கிறது, குமட்டல் தடுக்கிறது. அதைப் பிடிவாதம் என்று நினைத்து வாயில் திணித்தால் அந்தத் தீனியையே ஆயுளுக்கும் வெறுத்துவிடும். முதலில் குமட்டலை அடக்க மருந்து கேளுங்கள். மனிதரின் மனச்சோர்வு மருந்தான மிர்டசபின் பூனையின் பசியைத் தூண்டுவதோடு வாந்தியையும் குறைக்கிறது. அதைக் காதுமடலில் தடவும் களிம்பாகவும் செய்து 2018ல் அமெரிக்கா அனுமதித்தது. தீனியை உடல்சூட்டுக்கு இளஞ்சூடாக்கினால் மணம் எழும். மூக்கு மங்கிய கிழப் பூனை மணத்தை வைத்துத்தான் சாப்பிடும். கசப்பு மருந்தை அதற்குப் பிடித்த தீனியில் ஒளித்துவைக்காதீர்கள். மருந்தும் போகாது, பிடித்த தீனியும் போய்விடும். இரண்டு நாள் முழுதாகச் சாப்பிடாமல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. பட்டினி கிடக்கும் பூனையின் ஈரலில், குண்டுப் பூனை என்றால் இன்னும் வேகமாக, கொழுப்பு அடைத்துக்கொண்டு அதுவே உயிருக்கு ஆபத்தாகும்.

இத்தனைக்கும் அடியில் வேண்டிய கருவி ஒன்று உண்டு: 10 கிராம் வித்தியாசம் காட்டும் தராசு. குழந்தைகளை நிறுக்கும் தராசு போதும். பூனையைத் தூக்கிக்கொண்டு நாம் தராசில் ஏறி நம் எடையைக் கழித்துப் பார்க்கும் முறையில் 200 கிராம் எங்கே போனதென்றே தெரியாது. பூனைக்கோ அந்த 200 கிராம்தான் சேதி. வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில் நிறுத்து நாட்காட்டியில் எழுதுங்கள். வாந்தி வந்த நாளில் ஒரு புள்ளி. மருந்தோ தீனியோ மாறிய நாளில் ஒரு கோடு. மூன்று மாத நாட்காட்டியைக் கொண்டுபோய் டாக்டரின் மேசையில் வைத்தால், பாதிச் சோதனைகளின் வேலையை அது செய்துவிடும்.

கடைசியில் ஒரு நாள் எந்த மருந்துக்கும் எடை நிற்காமல் போகலாம். அப்போது பார்க்க வேண்டியவற்றைக் கால்நடைப் புற்று மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004ல் ஓர் அளவுகோலாக வகுத்தார்: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது. ஏழுக்கும் பூஜ்யம் முதல் பத்துவரை மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை 35ஐத் தாண்டினால் வாழ்க்கை இன்னும் வாழத்தக்கதாக இருக்கிறது என்கிறார். பூனை வலியை ஒளிக்கும் விலங்கு. மடங்கிய காது, இடுங்கிய கண், இறுகிய மூஞ்சி, விறைத்த மீசை, தோளுக்குக் கீழே தொங்கும் தலை ஆகிய ஐந்தையும் வைத்து அதன் வலியை அளக்கலாம் என்று மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ல் காட்டினார்கள். இரண்டையும் வாரம் ஒருமுறை அதே நாட்காட்டியில் குறித்துவாருங்கள். மதிப்பெண் வாரக்கணக்கில் 35க்குக் கீழேயே நின்றால், வலியில்லாமல் அனுப்பிவைப்பது பற்றிய பேச்சை டாக்டர் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே எடுங்கள். பல டாக்டர்கள் அந்தப் பேச்சை வீட்டுக்காரர் தொடங்கட்டும் என்றுதான் காத்திருக்கிறார்கள்.